முள் அசையவில்லை

செர்ன ரேகா என்ற மலையூரில் கோழிகள் மனிதர்களின் எலும்புகளுக்குப் பின்னால் தூங்கின. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த மலையில் ஆலங்கட்டி விழுந்தால் முட்டைப் பருமனுக்கு விழும். கோழிக்கூட்டுச் சன்னலுக்குப் போட்ட கண்ணாடி ஒரு வருஷம் தாங்காது. எக்ஸ்ரே பிலிம் தாங்கும். ஆஸ்பத்திரியில் கெட்டுப்போன பிலிம்களை, அங்கே எக்ஸ்ரே எடுக்கிற வெலிகா பைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். சரியாகச் சுரண்டாததில் யாருடைய முட்டியோ விலாவோ மங்கலாகத் தெரியும். அடுத்த தெருக்காரி ஒருத்தி தன் மாமியாரின் முதுகெலும்பைக் கூட்டில் அடையாளம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கெட்டுப்போன பிலிமைப் பதிவேட்டில் எழுதுகிற வழக்கம் இல்லை. தலைமை டாக்டர் ஹரிசானோவ் பிலிம் விஷயத்தில் கருமி. இதென்ன உங்கள் தோட்டத்திலா காய்க்கிறது என்று கேட்பார். அதனால் வெலிகாவுக்கு முன்னால் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். படம் ஒழுங்காக விழுந்தால் அது ஒன்று, பதிவேட்டில் ஏறும். அதற்கு முன்னால் எத்தனை கெட்டிருந்தாலும் அது கோழிகளுக்கு. யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. கல்லில் கருகின முதல் அடையை யார் எண்ணுகிறார்கள்?

வெலிகாவுக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷன் ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து போய்ப் பதினைந்து வருஷம். சுரங்கக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். அந்தக் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், அதுவும் ஓட்டைச் செங்கல். பக்கத்து வீட்டில் ஸ்தாமெனும் அவன் பெண்டாட்டி ரோசித்சாவும். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். விழுந்தது கரண்டி மட்டும் இல்லை.

ஸ்தாமென் சுரங்கப் பாறையில் துளை போடுகிறவன், ஊரிலேயே முதல்தரம். பாறையைக் காதால் பார்ப்பான் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். வெலிகாவின் கூரை ஒழுகினபோது கூப்பிடாமலே ஏறி ஓடு மாற்றினவன். காளான் காலத்தில் ஒரு கூடை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவன். குடித்தால் வேறு ஆள் என்று ரோசித்சா சொல்வாள். குடிக்காதபோதும் அடித்திருக்கிறான் என்பது சுவருக்கும் வெலிகாவுக்கும் தெரியும். இரவில் சுவர் வழியாகக் கேட்டதை வெலிகா காலையில் எக்ஸ்ரே மேஜையில் பார்ப்பாள். மாடு முட்டியது, படி வழுக்கியது என்று ரோசித்சா சொல்லுவாள். டாக்டர் எழுதிக்கொள்வார். வெலிகா பொத்தானை அமுக்குவாள். நாலு வருஷத்தில் பதினோரு முறை. ஒரு முறையாவது சுவரைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. பயம்தான், வேறு பெயர் எதற்கு?

அந்த அக்டோபரில், புனித திமித்தர் நாளுக்கு மறுநாள், ரோசித்சாவை ஆம்புலன்ஸ் டிரைவர் தியான்கோ தூக்கிக்கொண்டுதான் வந்தான். ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பில் உதை. அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. முதல் படத்தில் நடுங்கிவிட்டாள். இரண்டாவதில் பாதி இடுப்பு வெளியே போயிற்று. மூன்றாவதுக்குள் படம் கழுவுகிற மருந்து பழசு என்று தெரிந்துவிட்டது. நாலும் ஐந்தும் வெளிறிப்போயின. கடைசி இரண்டுக்கு வெலிகா கதிரை இரண்டு மடங்கு ஏற்றினாள். ஏழாவது விழுந்தது. எலும்பில் கீறல், முறிவில்லை. பதிவேட்டில் எழுதினாள்: இடுப்பு, ஒன்று.

மூன்று வாரம் கழித்து ரோசித்சா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. படம் எடுத்த அன்றைக்கே ஐந்து வாரம்.

வடக்கே அணு உலை வெடித்து, அந்த மே மாதத்து மழையில் நனைந்த புல்லைத் தின்ற ஆடுகளின் பாலையெல்லாம் ஓடையில் கொட்டச் சொன்ன வருஷத்துக்கு அது அடுத்த வருஷம். கதிர் என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சாராயக் கடையில் யாரோ ஸ்தாமெனிடம் சொல்லிவிட்டார்கள்: எக்ஸ்ரேயில் படுத்தவளுக்குப் பிறப்பது பிள்ளை இல்லை, இரண்டு தலைக் கன்றுக்குட்டி மாதிரி ஒன்று. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாள் முற்பகல் ஸ்தாமென் ஆஸ்பத்திரிக்கு வந்தான். குடிக்கவில்லை. கையில் கோடாலிப் பிடி, கோடாலி இல்லாமல். வெலிகா இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தாள். கதவை அவன் திறக்கவில்லை, உடைத்தான். வெளிச்சம் உள்ளே விழுந்து நாலு பேருடைய படம் ஒரே நொடியில் கறுத்துப்போயிற்று. அவள் நினைத்தது அதைத்தான். இருபத்திரண்டு வருஷ வேலை அப்படி. அதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. மருந்துத் தொட்டி கவிழ்ந்து அவள்மேல் ஊற்றியது. தலைமயிரைப் பிடித்து எக்ஸ்ரே அறைக்கு இழுத்து வந்தான். கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த அளவுமானிகளை ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்கினான். கதிரை மறைக்கிற ஈயக் கண்ணாடி மட்டும் உடையவில்லை. நாலு அடி அடித்தும் உடையாத கோபத்தில் திரும்பி அவள் வாயில் குத்தினான். இரண்டு பல் நாக்கில் வந்து நின்றது.

"மூணு. மூணு பிள்ளையக் கருக்கிட்டே நீ. முதலாவதுக்கும் உன் மேஜையிலதான் படுத்தா. ரெண்டாவதுக்கும் உன் மேஜையிலதான் படுத்தா. இப்ப இது. உனக்கு வயித்துல ஒண்ணும் தங்கலேன்னு ஊர்ல எவளுக்கும் தங்கக் கூடாதா?"

தியான்கோ பின்னாலிருந்து வந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகுகிற இரும்புச் சாவியால் அவன் முட்டிக்குப் பின்னால் போட்டான். அப்போதும் ஸ்தாமென் விழவில்லை, உட்கார்ந்தான். உட்கார்ந்து, ரத்தம் வழிகிற வெலிகாவைப் பார்த்துக்கொண்டே அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் அவளுக்கு அடியைவிட அச்சமாக இருந்தது. தன் இரண்டு பிள்ளைகளையும் எக்ஸ்ரேதான் கொன்றது என்று அவன் மனசார நம்பினான்.

காவலர்கள் வந்தார்கள். சுரங்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. மாலைக்குள் அவனை விட்டுவிட்டார்கள். டாக்டர் ஹரிசானோவுக்கு வேண்டியது சண்டை ஓய வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கருவைக் கலைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். புருஷனும் சம்மதித்தான், அரக்கனைப் பெறுவதைவிட இல்லாமலிருப்பது மேல் என்றான். ரோசித்சாவை யாரும் கேட்கவில்லை. ஆனால் கதிரைக் காரணம் காட்டிக் கலைப்பதென்றால் ப்ளோவ்திவ் நகரத்திலிருந்து கதிர் அளக்கிற இன்ஜினியர் வந்து, வயிற்றுக்குள் எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை வருவதாகத் தந்தி வந்தது. எக்ஸ்ரே பெட்டியின் அளவுமானிகளைச் சுரங்கத்து மின்சாரக்காரர்கள் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை, ஸ்தாமென் சுரங்கத்துக்குள் இருக்கிற நேரத்தில், ரோசித்சா வெலிகாவின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். முப்பத்துநாலு வயது, ஐம்பது மாதிரி நடந்தாள். வெலிகாவின் வீங்கின வாயைப் பார்த்தாள். கொண்டுவந்திருந்த அவரைக் கஞ்சியைச் சன்னல் கட்டையில் வைத்தாள். மெல்ல முடியாதவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அனுபவம் அப்படி.

"அக்கா, நாளைக்கு அந்த ஆளு கேப்பாரு."

"கேப்பாரு."

"எத்தன தடவ எடுத்தேன்னு கேப்பாரு. ஒண்ணுன்னு சொல்லு."

வெலிகா கோழிகளுக்குச் சோளம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"புஸ்தகத்துல ஒண்ணுன்னுதானே இருக்கு. நீ எழுதினதைத்தானே சொல்லச் சொல்றேன். ஏழுன்னு சொன்னா நாளன்னைக்கு என்னைக் கத்தியில போட்டுடுவாங்க. இது தங்கியிருக்குக்கா. அந்த உதைக்கும் தங்கியிருக்கு. இது போனா எனக்கு இன்னொண்ணு வராது."

"பொறக்கையில கோளாறா இருந்துச்சுன்னா?"

"இருந்தா வளப்பேன். உன்கிட்ட வந்து நிக்க மாட்டேன்."

அன்று முழுக்க வெலிகாவால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. ஏழு என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் பொத்தானை அமுக்கியிருக்கிறாள், அது ஒரு வயிற்றுக்குள் போய் என்னவாகிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. தெரிந்தது ஒன்றுதான்: கதிரின் அளவுக்குப் பத்து ராட் என்று ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் கலைத்துவிடு என்பார்கள். ஒன்று என்று சொன்னால் எல்லைக்குள் நிற்கும், பிள்ளை பிழைக்கும். ஆனால் எப்படிப் பிறக்கும்? ஏழு என்று சொன்னால் தாண்டிவிடுமோ என்னவோ, வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். வேலையும் போகும், ஸ்தாமென் மிச்சப் பல்லையும் எடுப்பான். அது கிடக்கட்டும். எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் தலையில் தன் கைதான் இருக்கிறது என்பதுதான் அவளைத் தின்றது.

இன்ஜினியர் பாவ்லின் பேருந்தில் வந்தார். வயிற்றுப்புண்காரர், ஒரு பையில் கருவி, இன்னொரு பையில் அவித்த உருளைக்கிழங்கும் தயிரும். வந்ததும் வாராததுமாக ஒரு பெண்ணின் இடுப்பளவுக்குத் தண்ணீர் பிடிக்கிற பாத்திரம் கேட்டார். மனுஷ உடம்பு முக்கால்வாசி தண்ணீர்தான், கதிருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். வெலிகா வீட்டுக்கு ஓடி முட்டைக்கோஸ் ஊறப்போடுகிற பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்து கொண்டுவந்தாள். அவர் மோந்து பார்த்துவிட்டு, உப்பு ஒரு துளி இருந்தாலும் கணக்குத் தப்பும் என்று மூன்று முறை அலசச் சொன்னார். நல்ல தண்ணீர் நிரப்பி, ரோசித்சாவின் இடுப்பு இருந்த இடத்தில் மேஜைமேல் வைத்தார்கள். விரல் பருமனுள்ள ஒரு குழலை மெழுகுத் துணியில் சுற்றி, கருப்பை எவ்வளவு ஆழத்தில் இருக்குமோ அவ்வளவு ஆழத்தில் தண்ணீருக்குள் இறக்கினார். அதிலிருந்து நீண்ட ஒயர், ஒயரின் முனையில், ஈயத் தடுப்புக்குப் பின்னால், ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு முள்.

பிறகு பதிவேட்டைத் திறந்து ரோசித்சாவின் பெயரில் இருக்கிறதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினார். எது வயிற்றில் பட்டிருக்கும், எது படாது என்று பிரிப்பதற்காக வாசித்தார். அவருக்கு வேறு நோக்கம் கிடையாது. உரத்த குரல்காரர். அறைக் கதவு திறந்து கிடந்தது. வராந்தாவில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது, ஸ்தாமெனும் சுரங்க உடுப்போடு சுவரோரம் நின்றான்.

"பிப்ரவரி ஒன்பது, தாடை. மே இருபது, இடது விலா. ஆகஸ்டு மூணு, வலது விலா. நவம்பர், மூக்கெலும்பு. மறு வருஷம் ஜனவரி, மண்டை. மார்ச், இடது மணிக்கட்டு. ஜூன், விரல்கள்…"

அவர் வாசிக்க வாசிக்க வராந்தாவில் பேச்சு அடங்கிற்று. பதினொன்றையும் வாசித்து முடித்தபோது யாரோ இருமினது மட்டும் கேட்டது. ஊரில் எல்லாருக்கும் ஒன்றிரண்டு தெரியும். மொத்தமாக யாரும் கேட்டதில்லை. ஸ்தாமென் பூட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியா இடுப்பு. ஒண்ணுன்னு போட்டிருக்கு," என்றார் பாவ்லின். வெலிகாவை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அம்மா, நான் முப்பது ஆஸ்பத்திரி பாத்தவன். எந்த ஊர்லயும் புஸ்தகத்துல ஒண்ணுதான் இருக்கும். எனக்குக் காரணம் வேண்டாம், யார் மேல தப்புன்னும் வேண்டாம். எத்தன தடவ அமுக்கினீங்க?"

ரோசித்சா கதவருகில் நின்றாள். அவள் உதடு அசைந்தது. ஒன்று.

வெலிகா அதைப் பார்த்தாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு பதினோரு முறை வாயை மூடிக்கொண்டவள் அவள். அந்தப் பட்டியலை இப்போதுதான் காதால் கேட்டிருந்தாள். இன்னொரு முறை அவளால் முடியவில்லை.

"ஏழு. கடைசி ரெண்டும் இரட்டிப்பு."

முதலில் அவள்மேல் பாய்ந்தது ஸ்தாமென் இல்லை, ரோசித்சா. பல் போன வாயிலேயே அறைந்தாள். பழைய காயம் திறந்து ரத்தம் வெள்ளைக் கோட்டில் சொட்டியது. முகத்தில் துப்பினாள்.

"கொன்னுட்டியேக்கா. அவன் ரெண்டு, நீ ஒண்ணு."

அவன் ரெண்டு. அதைக் கவனித்தது வெலிகா ஒருத்திதான். அதற்குள் ஸ்தாமென் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தான். ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்தான். தியான்கோவும் இன்னும் இரண்டு பேரும் அவனைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் ஒருவனுடைய மூக்கு உடைந்தது. நாலாவது ஆளும் சேர்ந்து அவனைச் சுவரோடு அழுத்தினான். வெலிகாவின் விரலை முறித்து நாய்க்குப் போடுகிறேன் என்று ஸ்தாமென் கத்தினான்.

பாவ்லின் அவனிடம் திரும்பி, கத்தினால் முள் ஆடும், நில் என்றார். மிரட்டவில்லை; பாடம் நடக்கிற வகுப்பில் சொல்வது போலச் சொன்னார். எதனாலோ அது வேலை செய்தது. நாலு பேர் பிடியில் ஸ்தாமென் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்குப் பண்ணின மாதிரியே பண்ணுங்க," என்றார் வெலிகாவிடம். "அதே தூரம், அதே அளவு. ஒவ்வொண்ணா."

எல்லாரையும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார். கிராமத்துக்குக் கிராமம் ஈயம் தோண்டுகிற மலையில், எட்டு பேர் ஒதுங்க அந்த ஒரு தடுப்புதான் இருந்தது. வெலிகா கோட்டுக் கையால் வாயைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். எந்திரம் முனகியது. பெட்டியில் முள் எழுந்து நின்றது. அவர் எழுதிக்கொண்டார். இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் முள் எழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ரோசித்சா தன் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பட்டது தனக்குப் பட்ட மாதிரி. ஆறாவதிலும் ஏழாவதிலும் முள் இரண்டு மடங்கு ஏறியது.

பாவ்லின் கூட்டினார். மறுபடி கூட்டினார். தயிரில் ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாய்க்காக அவர் கழுத்தைத் திருகலாம் போலிருந்தது வெலிகாவுக்கு.

"ரெண்டே முக்கால் ராட். பத்துக்குக் கீழ கவலைப்பட ஒண்ணுமில்ல. இது பத்துல மூணு பங்குகூட இல்ல. இந்தக் கதிரால பிள்ளைக்கு ஆபத்து இல்ல, கலைக்க வேண்டியதும் இல்ல. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ரோசித்சா கேட்டது கேட்ட மாதிரி நின்றாள். பிறகு தடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெலிகாவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். அந்த நுனியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெலிகா அவள் தலையில் கை வைத்தாள். வாய்வலி அப்போது தெரியவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்தாமென்தான் விடவில்லை. பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு, ஆனால் யாரையும் அடிக்காமல், மேஜையருகில் வந்தான்.

"அப்போ முன்னாடி ரெண்டு? அதையும் அளங்க."

பாவ்லின் புரியாமல் பார்த்தார்.

"முதலாவது பிப்ரவரியில போச்சு. அப்போ தாடைக்குப் படம் எடுத்தா இவ. ரெண்டாவது மறு வருஷம் மார்ச்சுல. மணிக்கட்டு. இதே மேஜை. அப்பவும் இவ திருட்டுத்தனமா எத்தன அமுக்கினாளோ. அளங்க. எனக்குத் தெரியணும்."

அவன் குரலில் வீறாப்பு இல்லை, கெஞ்சல் இருந்தது. நாலு வருஷமாகப் பிடித்துத் தொங்கின கயிறு அது.

பாவ்லின் தோளைக் குலுக்கினார். அளக்கச் சொன்னால் அளக்கிறவர். தொட்டியை அசைக்கவில்லை. எந்திரத்தின் தலையைத் தாடை இருந்திருக்கும் இடத்துக்குத் தள்ளச் சொன்னார். எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றாள் வெலிகா. அமுக்கினாள். எந்திரம் முனகியது. முள் அசையவில்லை.

"மறுபடி," என்றான் ஸ்தாமென்.

அமுக்கினாள். அசையவில்லை.

பிறகு மணிக்கட்டு. கையை மேஜை ஓரத்துக்கு நீட்டி, வயிற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி எடுத்தது. மூன்று முறை. ஸ்தாமென் பெட்டிக்குமேல் குனிந்து, பாறையில் காது வைப்பவனைப் போல, முகத்தை முள்ளுக்கு அருகில் வைத்துக்கொண்டிருந்தான். மறுபடி என்றான். மறுபடி. ஐந்து, ஆறு. வெலிகா அவன் கேட்டபோதெல்லாம் அமுக்கினாள். முள் சுழியிலேயே கிடந்தது. கடைசியில் அவன் பெட்டியை விரலால் தட்டினான்.

"கெட்டுப்போச்சா இது?"

"இப்பத்தானே ஏழு தடவ எழுந்துச்சு, நீயும்தானே பாத்தே," என்றார் பாவ்லின். "தாடைக்கும் கைக்கும் எடுத்தா வயித்துக்கு ஒண்ணும் போகாதுப்பா. சுழி."

தியான்கோ மேஜையைக் காலி செய்கிறதாகத் தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்தான்.

"சுழின்னா, அப்போ எதனால போச்சு?"

ஸ்தாமென் இன்ஜினியரைத்தான் கேட்டான். பதில் சொன்னது ரோசித்சா. தரையிலிருந்து எழுந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, ரொட்டிக் கடையில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"முதலாவது, நீ தாடையில குத்தினே, நான் விழுந்தேன், விழுந்தவள வயித்துல மிதிச்சே. அப்பவே ரத்தம் வந்துச்சு. படம் மறுநாள்தான் எடுத்தாங்க. ரெண்டாவது, நான் கையால வயித்த மறைச்சேன். அதான் மணிக்கட்டு. கைய உடைச்சிக்கிட்டு உதை உள்ள போச்சு. எதனாலன்னு நீ என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு நாளும் கேக்கல."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி போன இடமெல்லாம் போய்விட்டுப் பாவத்தின் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. ஸ்தாமெனின் முகம் கறுத்தது. அவள் பக்கம் ஓரடி வைத்தான். தியான்கோ அந்த இரும்புச் சாவியை எடுத்தான். வெலிகா நடுவில் போய் நின்றாள். நின்றபிறகுதான் தான் நிற்பதே அவளுக்குத் தெரிந்தது. அவன் காலை ஓங்கினான். அந்தக் காலுக்கு எங்காவது போயாக வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த தொட்டியில், முழு வேகத்தில், சுரங்க பூட்சின் இரும்பு முனையால் உதைத்தான்.

பிளாஸ்டிக் பிளந்தது. இடுப்பளவு தண்ணீரும் ஒரே வீச்சில் வெடித்து வெளியே வந்தது. பெஞ்சின் கால்களுக்கடியில் ஓடி, வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களின் செருப்புகளை நனைத்துக்கொண்டு வாசல்வரை போயிற்று. உள்ளே இருந்த குழல் ஒயரோடு தரையில் கிடந்தது. எல்லாரும் அந்தக் குழலைப் பார்த்தார்கள். ஸ்தாமெனும் பார்த்தான். பிறகு அந்த ஈரத்திலேயே, மடங்கி, உட்கார்ந்தான். தியான்கோ சாவியைக் கீழே இறக்கவில்லை. ஆனால் அடிக்கவேண்டிய ஆள் அங்கே இல்லை.

ஹரிசானோவ் அப்போதுதான் ஓடிவந்து, ஆஸ்பத்திரிச் சொத்தை உடைத்தது யார் என்று கேட்டார். தொட்டி என்னுடையது என்றாள் வெலிகா.

பாவ்லின் காலுறை நனைந்துவிட்டதென்று முணுமுணுத்துக்கொண்டு, நனையாத ஒரு மூலையில் நின்று சான்றிதழை எழுதினார். பெயர், நாள், இடுப்பு, ஏழு, இரண்டே முக்கால். முத்திரை குத்தி ரோசித்சாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மத்த ரெண்டுக்கும் எழுதிக் குடுங்க."

சுழிக்குச் சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று அவர் சொல்ல வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் இரண்டு தாளை எடுத்தார். பிப்ரவரி ஒன்பது, தாடை, வயிற்றுக்குள் சுழி. மார்ச், மணிக்கட்டு, வயிற்றுக்குள் சுழி. அவற்றிலும் முத்திரை குத்தினார்.

ரோசித்சா மூன்றையும் வாங்கி, எது எது என்று நிதானமாகப் பார்த்துப் பிரித்தாள். மதியப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தியான்கோவைக் கேட்டாள். ஹஸ்கோவோவில் அவள் அண்ணன் இருந்தான். பிறகு தண்ணீரில் உட்கார்ந்திருந்தவனிடம் போய், குனியாமல், இரண்டு தாள்களை அவன் மடியில் போட்டாள்.

"இது ரெண்டும் உன்னோடது."

மூன்றாவதை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தரை வழுக்கியது. வெலிகா கையை நீட்டினாள். ரோசித்சா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வெளியே நடந்தாள்.